1,000 குழந்தைகளில் 5.6 மரணம்... பணக்கார அமெரிக்காவில் பச்சிளம் குழந்தைகள் இறப்பது ஏன்? 100 ஆண்டு கணக்கு சொல்வது என்ன?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநில சுகாதாரத் துறை 2025 ஆகஸ்ட் மாதம் பொது சுகாதார அவசரநிலையை அறிவித்தது. புதிய வைரஸ் எதுவும் பரவவில்லை, புயலோ வெள்ளமோ வரவில்லை. பிறந்து ஒரு வயது முடிவதற்குள் இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கைதான் காரணம்.

2024-ல் அந்த மாநிலத்தில் உயிரோடு பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளிலும் 9.7 பேர் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்திருக்கிறார்கள். பத்து வருடங்களுக்கும் மேலாக இல்லாத உச்சம் இது. 2014-ல் இருந்து கணக்கிட்டால் 3,500-க்கும் அதிகமான குழந்தைகள். உலகத்திலேயே மருத்துவத்துக்கு அதிகம் செலவு செய்யும் நாட்டில்தான் இந்த நிலைமை.

அமெரிக்காவில் குழந்தைகள் இறப்பு எப்படிக் குறைந்தது, எங்கே வந்து நின்றது, இப்போது ஏன் மறுபடியும் கவலையாக மாறியிருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், சிசு மரண விகிதம் என்றால் என்ன?

ஓர் ஆண்டில் உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில், ஒரு வயது நிறைவதற்குள் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பதுதான் சிசு மரண விகிதம். கேட்பதற்கு மருத்துவமனைக் கணக்கு மாதிரி இருக்கும். ஆனால் ஒரு நாட்டின் குடிதண்ணீர், சாப்பாடு, வருமானம், தாயின் உடல்நிலை, ஆஸ்பத்திரி இருக்கும் தூரம் எல்லாமே இந்த ஒரே எண்ணில் வந்து விழுந்துவிடும். அதனால்தான் ஒரு நாடு உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, பொருளாதார நிபுணர்களும் இந்த எண்ணை எடுத்துப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் இது எப்படி மாறியது?

1915 - சுமார் 100
1950 - 29.2
1960 - 26
1970 - 20
1980 - 12.6
1990 - 9.2
2000 - 6.9
2010 - 6.1
2020 - 5.4
2022 - 5.6

பட்டியலை மேலிருந்து கீழே படித்தால் பெரிய வெற்றிக்கதை. 1915-ல் பத்தில் ஒரு குழந்தை இறந்த நாட்டில் இப்போது சுமார் 180-ல் ஒன்று. ஆனால் 2000-க்குப் பிறகு வேகம் குறைந்திருப்பதையும், கடைசி வரியில் எண் மேலே ஏறியிருப்பதையும் கவனிக்க வேண்டும். 2021-ல் 5.44 ஆக இருந்த விகிதம் 2022-ல் சுமார் 3 சதவீதம் உயர்ந்தது. தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு ஓர் உயர்வு, ஏறக்குறைய 20 வருடங்களில் அதுதான் முதல்முறை. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 20,500-க்கும் அதிகமான குழந்தைகள் இறந்தார்கள். 2023-லும் விகிதம் இறங்கவில்லை, கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நின்றது.

100-ல் இருந்து 29: பாலும் தண்ணீரும் செய்த வேலை

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் கோடைக்காலம் என்றாலே கைக்குழந்தை வைத்திருந்தவர்களுக்குப் பயம்தான். கெட்டுப்போன பால், அசுத்தமான தண்ணீர், அதனால் வரும் வயிற்றுப்போக்கு. சில நகரங்களில் பிறந்த குழந்தைகளில் 30 சதவீதம் வரை ஒரு வயதைத் தாண்டவில்லை.

நியூயார்க்கில் நாதன் ஸ்ட்ராஸ் என்ற வணிகர் 1893-ல் ஏழைக் குடும்பங்களுக்குக் காய்ச்சிப் பதப்படுத்திய பால் தரும் நிலையங்களைத் தொடங்கினார். 1908-ல் சிகாகோ நகரம் பாலைப் பதப்படுத்தித்தான் விற்க வேண்டும் என்று சட்டம் போட்டது. அதே ஆண்டு ஜெர்சி சிட்டியில் குடிநீரில் குளோரின் கலக்கத் தொடங்கினார்கள். பென்சிலின் வருவதற்கு பல வருடங்கள் முன்பே குழந்தை இறப்பு இறங்க ஆரம்பித்துவிட்டது.

இன்னொரு முக்கியமான வருடம் 1912. குழந்தைகள் நலனுக்கென்று தனி அரசு அலுவலகத்தை அமெரிக்கா உருவாக்கியது. அதன் தலைவராக ஜூலியா லாத்ராப் நியமிக்கப்பட்டார். அமெரிக்க மத்திய அரசின் ஓர் அலுவலகத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் அவர்தான்.

அவர் எடுத்த முதல் பெரிய கேள்வி: குழந்தைகள் ஏன் சாகிறார்கள்? அதற்கு விடை தேட, பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் என்ற இரும்பாலை நகரத்துக்கு ஆய்வாளர்கள் போனார்கள். வீடு வீடாகச் சென்று தாய்மார்களிடம் பேசினார்கள். வீட்டில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, தாய்ப்பாலா புட்டிப்பாலா, கணவருக்கு என்ன சம்பளம் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள்.

அப்போது பொதுவாக இருந்த நினைப்பு, 'படிக்காத தாய்மார்களின் அறியாமைதான் காரணம்' என்பது. ஆய்வில் தெரிந்ததோ வேறு. தந்தையின் சம்பளம் குறையக் குறைய குழந்தை இறக்கும் வாய்ப்பு கூடிக்கொண்டே போனது.

இதன் தொடர்ச்சியாக 1921-ல் ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் வந்தது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அரசுப் பணத்தில் ஆலோசனை மையங்கள், வீட்டுக்கு வரும் செவிலியர்கள். ஏறத்தாழ 3 ஆயிரம் மையங்கள் திறக்கப்பட்டன. ஆனால் 'மருத்துவத்தில் அரசு ஏன் தலையிடுகிறது?' என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் எதிர்த்தது. 1929-ல் திட்டம் காலாவதியானது. நூறு வருடம் கழித்தும் அமெரிக்காவில் இதே சண்டைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு ஜனாதிபதி வீட்டு மரணம்

1950-ல் 29.2 ஆக இருந்த விகிதம் 1960-லும் 26-ல்தான் நின்றது. அந்தக் காலத்தில் குறைப்பிரசவக் குழந்தைகளைக் காப்பாற்ற வழி தெரியவில்லை. எவ்வளவு பணம் இருந்தாலும் தெரியவில்லை என்பதற்கு ஒரு சம்பவமே சாட்சி.

1963 ஆகஸ்ட் 7. அமெரிக்க ஜனாதிபதி ஜான் எஃப். கென்னடிக்கும் ஜாக்குலினுக்கும் ஒரு மகன் பிறந்தான். பெயர் பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்கூட்டியே பிறந்துவிட்டான். எடை 2 கிலோவுக்கும் சற்று அதிகம். நுரையீரல் முழுமையாக வளராததால் மூச்சுவிட முடியவில்லை. பாஸ்டனின் சிறந்த மருத்துவர்கள் போராடியும், சுமார் 39 மணி நேரத்தில் குழந்தை இறந்துவிட்டது. உலகத்திலேயே அதிகாரம் மிக்க மனிதரால் தன் மகனைக் காப்பாற்ற முடியவில்லை.

குழந்தையின் நுரையீரலில் என்ன குறை என்பது அதற்கு நான்கு வருடம் முன்பே, 1959-ல், மேரி எலன் ஏவரி என்ற பெண் மருத்துவரின் ஆய்வில் தெரிந்திருந்தது. நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க 'சர்ஃபாக்டன்ட்' என்ற வழவழப்பான பொருள் தேவை. குறைமாதக் குழந்தைகளிடம் அது போதுமான அளவு இருப்பதில்லை. ஆனால் அதை மருந்தாகக் கொடுக்கும் வழி அப்போது இல்லை.

கென்னடி குழந்தையின் மரணம் நாட்டின் கவனத்தை இந்தப் பக்கம் திருப்பியது. பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பெருகின, சிறிய வென்டிலேட்டர்கள் வந்தன. 1980-ல் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா சர்ஃபாக்டன்ட் சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்து காட்டினார். 1990-ல் அமெரிக்கா இந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது. இன்று அதே வாரத்தில், அதே எடையில் பிறக்கும் குழந்தை பெரும்பாலும் சில வாரங்களில் வீட்டுக்குப் போய்விடுகிறது.

ஆஸ்பத்திரி கதவு திறந்தபோது...

1960-களில் இன்னொரு மாற்றமும் நடந்தது. அதுவரை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல மருத்துவமனைகள் கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளாது, சேர்த்தாலும் தனி வார்டுதான். 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. 1965-ல் மெடிகேர், மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் வந்தன. 'அரசு பணம் வேண்டுமென்றால் இனப் பாகுபாடு இருக்கக் கூடாது' என்று நிபந்தனை போட்டார்கள். கதவுகள் திறந்தன.

பலன் என்ன தெரியுமா? மிசிசிப்பி போன்ற இடங்களில் வயிற்றுப்போக்கு, நிமோனியாவால் இறந்த கறுப்பினக் குழந்தைகளின் எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது. இந்த நோய்களுக்கு அப்போதே சிகிச்சை இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும் உரிமைதான் இல்லாமல் இருந்தது.

செலவே இல்லாத ஓர் அறிவுரை

1990-களில் கிடைத்த இன்னொரு வெற்றிக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. நன்றாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோகும் சம்பவங்கள் பெற்றோரை உலுக்கிக்கொண்டிருந்தன. குப்புறப் படுக்கவைப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பது ஆய்வுகளில் தெரிந்தது. 1992-ல் அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அமைப்பு குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 1994-ல் 'மல்லாக்கப் படுக்கவையுங்கள்' என்று நாடு முழுக்கப் பிரசாரம் நடந்தது. அடுத்த சில வருடங்களில் இந்த வகை மரணங்கள் பாதியாகக் குறைந்தன.

1998-ல் மாவு வகைகளில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது கட்டாயமானது. முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை இதனால் கணிசமாகக் குறைந்தது.

அப்போ எங்கே சிக்கல்?

2000-க்குப் பிறகு சறுக்கல் தெரிய ஆரம்பித்தது. 2002-ல் விகிதம் லேசாக உயர்ந்தது, 1958-க்குப் பிறகு அதுதான் முதல் உயர்வு. பிறகு பல வருடம் அதே இடத்தில் நின்று, 2005-க்குப் பின் மெதுவாக இறங்கியது. அதற்குள் மற்ற நாடுகள் வெகுதூரம் போய்விட்டன.

இன்று ஜப்பானில் இந்த விகிதம் 2-க்கும் கீழே. ஸ்வீடன், பின்லாந்தில் 2-ஐ ஒட்டி இருக்கிறது. அமெரிக்காவிலும் ஜப்பான் அளவுக்கு, அதாவது 1.8-ஆக, இருந்திருந்தால் 2022-ல் இறந்த குழந்தைகளில் சுமார் 14 ஆயிரம் பேர் பிழைத்திருப்பார்கள்.

'கணக்குப் போடும் முறையே வேறு' என்பது உண்மையா?

அமெரிக்காவை ஆதரிப்பவர்கள் வழக்கமாக ஒரு வாதம் வைப்பார்கள். எவ்வளவு குறைமாதத்தில் பிறந்தாலும், உயிர் இருப்பதற்கான அறிகுறி இருந்தால் அமெரிக்கா அதை உயிருள்ள பிறப்பாகப் பதிவு செய்யும். சில ஐரோப்பிய நாடுகளில் குறிப்பிட்ட வாரம் அல்லது எடைக்குக் கீழே இருந்தால் பதிவு முறை வேறு. அதனால் ஒப்பிடுவதே தப்பு என்பார்கள்.

இதில் பாதி உண்மை. 24 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளை எல்லா நாடுகளின் கணக்கிலிருந்தும் நீக்கிவிட்டு, 2010-ஆம் ஆண்டுத் தரவை அமெரிக்க ஆய்வாளர்களே மறுபடி கணக்குப் போட்டார்கள். 6.1 என்பது 4.2 ஆகக் குறைந்தது. ஆனால் அப்போதும் அது பின்லாந்து, ஸ்வீடன், டென்மார்க் விகிதத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆக, கணக்கு முறை ஒரு பகுதியைத்தான் விளக்குகிறது. மீதி நிஜ மரணம்.

வீட்டுக்குப் போன பிறகுதான் வித்தியாசம்

அமெரிக்காவை ஆஸ்திரியா, பின்லாந்துடன் ஒப்பிட்ட பொருளாதார ஆய்வு ஒன்று இன்னும் உள்ளே போய்ப் பார்த்தது. ஒரே எடையில் பிறந்த குழந்தைகளை எடுத்துக்கொண்டால், முதல் மாதத்தில் அமெரிக்கக் குழந்தைகள் பின்தங்கவில்லை. அதாவது, ஆஸ்பத்திரியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்கின்றன.

ஒரு மாதத்துக்குப் பிறகுதான் இடைவெளி பெரிதாகிறது. அதுவும் எல்லா வீட்டிலும் இல்லை. கல்லூரி படித்த, திருமணமான, வெள்ளையினத் தாய்மார்களின் குழந்தைகள் ஐரோப்பியக் குழந்தைகளைப் போலவே பிழைக்கிறார்கள். வசதி குறைந்த வீடுகளில்தான் இறப்பு கூடுகிறது. பல லட்சம் டாலர் செலவில் குழந்தையைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆள் இல்லை.

பின்லாந்தில் நிலைமை வேறு. 1930-களின் கடைசியில் இருந்தே கர்ப்பிணிகளுக்குக் குழந்தைத் துணிகள் அடங்கிய பெட்டியை அரசு கொடுக்கிறது. 1949-ல் இருந்து எல்லாத் தாய்மார்களுக்கும். ஒரு நிபந்தனை: நான்காவது மாதம் முடிவதற்குள் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும். பெட்டிக்காக வந்தவர்கள் மருத்துவரையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அமெரிக்காவில் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு கொடுக்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் இன்றுவரை இல்லை. 1993-ல் வந்த சட்டம் 12 வாரம் விடுப்பு தருகிறது, சம்பளம் இல்லாமல். அதுவும் தனியார் துறையில் 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும்.

தோல் நிறம் பார்த்து மாறும் எண்

2022 கணக்கை இனவாரியாகப் பிரித்தால் இரண்டு நாடுகள் தெரியும். வெள்ளையினத் தாய்மார்களின் குழந்தைகளில் 1,000-க்கு 4.5 மரணம். கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகளில் 10.9. ஏறக்குறைய 2.4 மடங்கு. அமெரிக்கப் பழங்குடியினரிடம் 9. ஆசிய வம்சாவளியினரிடம் 3.5.

'அப்போ வறுமைதானே காரணம்?' என்று கேட்கலாம். கலிபோர்னியாவில் லட்சக்கணக்கான பிறப்புகளைப் பெற்றோரின் வருமானத்தோடு ஒப்பிட்ட ஆய்வு அதிர்ச்சியான பதில் தந்தது. அங்கே பணக்காரக் கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகள், ஏழை வெள்ளையினத் தாய்மார்களின் குழந்தைகளைவிட அதிகமாக இறக்கிறார்கள். சம்பளம் உயர்ந்தால் ஆபத்து குறைகிறது, ஆனால் இடைவெளி மூடவில்லை. கர்ப்பகாலத்தில் தாய் சொல்வதை மருத்துவமனை எவ்வளவு காதுகொடுத்துக் கேட்கிறது, வாழ்நாள் முழுக்க அனுபவிக்கும் பாகுபாடு உடம்பை எப்படிப் பாதிக்கிறது என்ற கேள்விகள் அதனால்தான் எழுகின்றன.

மாநிலத்துக்கு மாநிலமும் இதே கதை. 2022-ல் மாசசூசெட்ஸில் 3.3. மிசிசிப்பியில் 9.1. ஒரே நாடு, ஒரே டாலர், கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம்.

மிசிசிப்பியில் என்னதான் நடக்கிறது?

குறைப்பிரசவம் நாட்டிலேயே அதிகம் நடக்கும் மாநிலங்களில் முதல் வரிசையில் இருப்பது மிசிசிப்பி. பாதி கவுன்ட்டிகளில், அதாவது நம்ம ஊர் மாவட்டம் மாதிரியான பகுதிகளில், பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரியோ மகப்பேறு மருத்துவரோ இல்லை. அமெரிக்கா முழுக்கப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கவுன்ட்டிகள் இப்படித்தான் இருக்கின்றன. பிரசவப் பிரிவை நடத்துவது நஷ்டம் என்று கிராமப்புற மருத்துவமனைகள் அதை மூடிவிடுகின்றன.

அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட் திட்டத்தைக் கூடுதல் ஏழைகளுக்கு விரிவாக்க மத்திய அரசு வாய்ப்பு கொடுத்தும் ஏற்காத மாநிலங்களில் மிசிசிப்பியும் ஒன்று. இதனால் பல பெண்களுக்குக் கர்ப்பமான பிறகுதான் காப்பீடே கிடைக்கிறது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் எல்லாம் அதற்கு முன்பே வந்துவிட்டிருக்கும். கர்ப்பத்துக்கு முன் தாயின் உடம்பு எப்படி இருந்தது என்பதுதான் குறைப்பிரசவத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது. பிரசவத்துக்குப் பின் ஓர் ஆண்டு வரை காப்பீடு தரும் நீட்டிப்பு, அங்கே 2023-ல்தான் வந்தது.

அவசரநிலை அறிவிப்புக்குப் பிறகு, பிரசவ வசதி இல்லாத பகுதிகளைக் குறைப்பது, வீட்டுக்குப் போய்த் தாய்மார்களைப் பார்க்கும் சுகாதாரப் பணியாளர்களை அதிகரிப்பது, பாதுகாப்பான தூக்கம் பற்றிச் சொல்லித்தருவது ஆகியவற்றைச் செய்யப்போவதாக அந்த மாநில சுகாதாரத் துறை சொல்கிறது. கவனித்தால், 1921 சட்டம் செய்ததும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

கருக்கலைப்புத் தடைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

டெக்சாஸ் மாநிலம் 2021 செப்டம்பரில் ஏறத்தாழ ஆறு வாரத்துக்குப் பிறகான கருக்கலைப்பைத் தடை செய்தது. 2021-ல் 1,985 ஆக இருந்த சிசு மரணங்கள் 2022-ல் 2,240 ஆயின. 12.9 சதவீத உயர்வு. அதே காலத்தில் நாட்டின் மற்ற பகுதிகளில் உயர்வு 1.8 சதவீதம் மட்டுமே. பிறவிக் குறைபாட்டால் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை டெக்சாஸில் சுமார் 23 சதவீதம் கூடியது, மற்ற இடங்களில் குறைந்தது.

பிழைக்கவே வாய்ப்பில்லாத குறைபாடு ஸ்கேனில் தெரிந்தாலும் கர்ப்பத்தைத் தொடர வேண்டிய நிலைதான் இதற்குக் காரணம் என்கிறார்கள் இந்த ஆய்வைச் செய்தவர்கள். ஒரு மாநிலத்தின் ஒரு வருடக் கணக்கை வைத்து நாடு முழுமைக்கும் இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதே வருடத்தில் தாய்மார்களின் உடல்நலச் சிக்கல்களால் ஏற்படும் மரணங்களும், கிருமித்தொற்றால் ஏற்படும் மரணங்களும்கூட அதிகரித்திருந்தன.

கேரளா முந்திவிட்டதா?

இந்திய அரசு வெளியிட்ட 2023-க்கான மாதிரிப் பதிவு முறை அறிக்கையில் கேரளாவின் சிசு மரண விகிதம் 5. 'அமெரிக்காவைவிடக் குறைவு' என்று அப்போது செய்தி பரபரப்பானது. ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும்: கேரள எண் மாதிரிக் கணக்கெடுப்பில் வந்தது, அமெரிக்க எண் எல்லாப் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களையும் வைத்து வந்தது. தசமப் புள்ளி வித்தியாசத்தை வைத்து ஜெயித்தது யார் என்று சொல்ல முடியாது. ஆனால் அமெரிக்காவின் வருமானத்தில் மிகச் சிறிய பங்கே உள்ள மாநிலம் அதே இடத்துக்கு வர முடிந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. இந்தியா முழுமைக்குமான விகிதம் 25 என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இனி என்ன ஆகும்?

இங்கேதான் நிபுணர்களின் கவலை. அமெரிக்காவில் நடக்கும் பிரசவங்களில் பத்தில் நான்குக்கு மெடிக்கெய்ட்தான் பணம் கட்டுகிறது. 2025 ஜூலையில் ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அந்தத் திட்டத்தின் செலவைப் பெருமளவு குறைக்கிறது. இதனால் 2034-க்குள் சுமார் 1 கோடி பேர் கூடுதலாகக் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்பது அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் போட்ட கணக்கு. கர்ப்பிணிகளுக்கான தகுதி நேரடியாக நீக்கப்படவில்லை. ஆனால் வருமானம் குறையும் கிராமப்புற மருத்துவமனைகள் முதலில் மூடுவது பிரசவப் பிரிவாகத்தான் இருக்கும் என்ற பயம் இருக்கிறது.

கணக்கெடுப்பிலும் அடி விழுந்திருக்கிறது. பிரசவித்த தாய்மார்களிடம் 1987-ல் இருந்து தகவல் சேகரித்துவந்த தேசிய ஆய்வின் குழுவினர் 2025 ஏப்ரலில் நடந்த ஆட்குறைப்பில் வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார்கள். பாதுகாப்பான தூக்கம் பற்றிய பிரசாரத்தில் தேசிய சுகாதார நிறுவனத்தின் பங்கும் அதே நேரத்தில் முடிவுக்கு வந்தது.

1915-க்கு முன்பு அமெரிக்காவில் எத்தனை குழந்தைகள் இறந்தார்கள் என்று சரியாகச் சொல்லவே முடியாது. காரணம், பல மாநிலங்கள் பிறப்பையே பதிவு செய்யவில்லை. எல்லா மாநிலங்களும் பதிவு முறைக்குள் வந்தது 1933-ல்தான். எண்ண ஆரம்பித்த பிறகுதான் எங்கே, யார் வீட்டில், எதனால் குழந்தைகள் இறக்கிறார்கள் என்று தெரிந்தது. தெரிந்த பிறகுதான் குறைக்க முடிந்தது.

பாலைச் சுத்தமாக்கியது, தண்ணீரில் குளோரின் போட்டது, ஆஸ்பத்திரிக் கதவை எல்லோருக்கும் திறந்தது, குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொன்னது... அமெரிக்காவில் லட்சக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றியவை பெரும்பாலும் இப்படி எளிய விஷயங்கள்தான். மிசிசிப்பியில் இப்போது கேட்கப்படுவதும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. பிரசவ வலி வந்தால் போய்ச் சேரும் தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. குழந்தையோடு வீட்டுக்கு வந்த பிறகு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க ஒரு நர்ஸ். உலகின் பெரிய பொருளாதாரத்துக்கு அது முடியாத காரியமா என்பதுதான் கேள்வி.